டெர்மினலில் இருந்து மெயில்: சொந்த சர்வர் இல்லாமல், வெளி சர்வர் வழியாக

என் பொறுப்பில் இருக்கும் மெஷின்கள் எதற்கும் மானிட்டர் கிடையாது. இரவில் பேக்கப் ஓடும், டிஸ்க் மெல்ல நிறையும், சான்றிதழ் ஒரு நாள் காலாவதியாகும். யாராவது உள்ளே நுழைந்து பார்த்தால்தான் தெரியும். இதற்காகப் பெரிய கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டு, அப்புறம் அதைக் கண்காணிக்க ஒரு ஆள் தேடுவது எனக்கு ஒத்துவராது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் இருந்து ஒரு மெயில் கிளம்பினால் எனக்குப் போதும். அந்த ஒரு வரி எந்த நேரத்திலும் வேலை செய்ய என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் போனில் ஒருவருக்குச் சொல்வது போல ஒலியிலேயே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாமே சிறிய ஆங்கில எழுத்து. ஒற்றை எழுத்துத் தெரிவுகள் காதில் குழம்பும் என்பதால் முடிந்தவரை நீளப் பெயர்களையே சொல்கிறேன். டெபியன், உபுண்டு வகை லினக்ஸை மனதில் வைத்து எழுதியது. மற்றவற்றில் பாக்கேஜ் பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

ஏன் நேராக அனுப்பக்கூடாது

மெயிலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை எழுதப்பட்ட 1982இல், ஒரு மெஷின் தானே பெறுபவரின் சர்வரைத் தேடிப் போய் மெயிலைக் கொடுப்பது இயல்பான காரியம். இன்றும் தொழில்நுட்பப்படி முடியும். ஆனால் அதற்கு வெளியே போகும் 25ஆம் போர்ட் (மெஷினின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) திறந்திருக்க வேண்டும். கிளவுட் நிறுவனங்கள் பலவும் அதைப் பொதுவாக அடைத்தே வைத்திருக்கின்றன. பிராட்பேண்ட் இணைப்புகளிலும் பெரும்பாலும் அடைப்புதான். ஸ்பாம் அனுப்புபவர்கள் செய்த புண்ணியம். ஒருவேளை திறந்திருந்தாலும் உங்கள் ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியில் இருந்து பெயரைச் சொல்லும் பதிவு) உண்டா, டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் (யார் அனுப்பலாம் என்ற பட்டியல்) அந்த ஐபி இருக்கிறதா, டிகிம் கையெழுத்து (டொமைனின் டிஜிட்டல் முத்திரை) இருக்கிறதா என்று எதிர்முனை துருவும். ஒன்று குறைந்தாலும் ஸ்பாம் பெட்டி, அல்லது நேரடி மறுப்பு.

அதனால் இதையெல்லாம் ஏற்கெனவே சரியாக வைத்திருக்கும் ஒரு மெயில் சர்வரிடம், பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி, "இதை அனுப்பிவிடு" என்று ஒப்படைத்துவிடுவதே சுலபம். அது உங்கள் அலுவலக டொமைனின் சர்வராக இருக்கலாம், ஜிமெயிலாக இருக்கலாம், மெயிலை வாங்கி அனுப்பிவிடுவதற்கென்றே இருக்கும் ரிலே சேவையாக இருக்கலாம். நம் பக்க வேலை ஒன்றேதான்.

கையில் இருக்க வேண்டியவை

சர்வரின் பெயர், போர்ட், யூசர், பாஸ்வேர்ட். முதலில் போர்ட்.

587 என்பது மெயிலை ஒப்படைப்பதற்கென்று 1998இல் தனியாக ஒதுக்கப்பட்டது. இணைப்பு சாதாரணமாகத் தொடங்கும். பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று கேட்டு மறையாக்கத்துக்கு மாறும். 465இல் முதல் பைட்டில் இருந்தே மறையாக்கம்தான். இடையில் பல ஆண்டுகள் 465ஐப் "பழையது, பயன்படுத்தாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் அதைத் திருப்பிப் போட்டது. முதலில் இருந்தே மறையாக்கம் உள்ள வழியே மேல் என்று இப்போது அதுதான் பரிந்துரை. சர்வர் இரண்டையும் தந்தால் நான் 465ஐத்தான் எடுப்பேன். நடுவழியில் மாறும் வேலை இல்லை, மாறத் தவறும் வாய்ப்பும் இல்லை. எங்கேயும் 25ஐப் போடாதீர்கள். அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான பேச்சுக்கு.

அடுத்தது பாஸ்வேர்ட். தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்டை வைத்து இப்படி நுழைவதை கூகுள் 2022 மே 30உடன் நிறுத்திவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைத் தர வேண்டும். அவுட்லுக்.காம் இன்னும் கறார்: 2024 செப்டம்பர் 16க்குப் பிறகு அங்கே பாஸ்வேர்டுக்குப் பதிலான, அவ்வப்போது காலாவதியாகும் ஓஆத் டோக்கன் மட்டும்தான். டோக்கனைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டைத் தனியே எழுதிப் பராமரிக்க வேண்டும். ஒரு பேக்கப் அறிவிப்புக்கு இவ்வளவு பாடா என்று தோன்றினால் வேறு சர்வரைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

எதுவானாலும் மெஷினுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கின் சாவியை யாரும் உட்காராத ஒரு மெஷினில் விட்டு வைப்பது நல்லதல்ல. அந்த மெஷின் யார் கையிலாவது சிக்கினால் ஒரு கணக்கை மட்டும் மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்

மென்பொருள் எதையும் நிறுவும் முன், மெஷினில் ஏற்கெனவே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கக் கருவியை வைத்து சர்வரைத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் மெயில்.எக்சாம்பிள்.காம்:465 -சிஆர்எல்எஃப்

587 என்றால் இதே வரியில் -ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி என்று சேருங்கள். சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் விவரங்கள் சரசரவென்று ஓடும். அதில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் 0 என்று இருக்க வேண்டும். 465 என்றால் கடைசியில் 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வந்து நிற்கும். இப்போது ஈஎச்எல்ஓ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு உங்கள் மெஷினின் பெயரைக் கொடுத்தால், தனக்கு என்னென்ன தெரியும் என்று சர்வர் 250இல் தொடங்கும் வரிகளாகப் பட்டியல் போடும்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஆத் என்ற வரியில் எந்தெந்த வகை நுழைவு முறைகள் உண்டு என்று இருக்கும். ப்ளெயின் அல்லது லாகின் இருந்தால் சாதாரண பாஸ்வேர்ட் போதும், எக்ஸ்ஓஆத்2 மட்டும் இருந்தால் டோக்கன் வழிதான். சைஸ் என்ற வரி, ஒரு மெயில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பைட்டில் சொல்லும். ஜிமெயில் அங்கே 35882577 என்று காட்டும். மெயிலோடு சேர்க்கும் கோப்பு 25 எம்பி வரைதான் என்று சொல்லிவிட்டு இங்கே ஏன் கூடுதலாக இருக்கிறது என்றால், அந்தக் கோப்புகள் பேஸ்64 என்ற வெறும் எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். அந்தப் பெருக்கத்துக்கும் சேர்த்துத்தான் இந்த எண்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஜன்னலிலேயே முழு மெயிலையும் கையால் தட்டி அனுப்பிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், பெறுபவரைச் சொல்லும் ஆர்சிபிடி வரியில் மாட்டிக்கொள்வார்கள். பெரிய எழுத்தில் அதைத் தட்டினால் சர்வருக்குப் போகவே போகாது. வரியின் தொடக்கத்தில் பெரிய ஆர் வந்தால், "இணைப்பை மறுபேச்சுக்கு உட்படுத்து" என்று ஓபன்எஸ்எஸ்எல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பெரிய க்யூ வந்தால் இணைப்பையே முடித்துவிடும். எஸ்எம்டிபிக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது. சின்ன எழுத்தில் தட்டுங்கள், தீர்ந்தது.

220 வராமல் அப்படியே தொங்கினால் வழியில் எங்கோ அடைப்பு. நான் முன்பு வைத்திருந்த ஒரு வாடகை சர்வரில் 587ஐயும் சேர்த்து அடைத்திருந்தார்கள், விதிமுறைப் பக்கத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ரிலே சேவைகள் சில இதற்காகவே 2525ஐயும் திறந்து வைத்திருக்கின்றன. ராங் வெர்ஷன் நம்பர் என்று பிழை வந்தால் போர்ட்டும் முறையும் பொருந்தவில்லை என்று பொருள்: 587இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லாமல் நேராக மறையாக்கம் பேசியிருக்கிறீர்கள்.

எம்எஸ்எம்டிபி

இந்த வேலைக்குப் பல கருவிகள் உண்டு. பழைய குறிப்புகளில் எஸ்எஸ்எம்டிபி என்ற ஒன்று அடிக்கடி வரும். அது பராமரிப்பு நின்றுபோனது, விட்டுவிடுங்கள். நான் எங்கும் போடுவது எம்எஸ்எம்டிபி. சின்னது. பின்னணியில் எதுவும் ஓடாது, எந்தப் போர்ட்டையும் திறந்து வைத்துக் கேட்காது. மெயிலை வாங்கும், வெளி சர்வரிடம் கொடுக்கும், முடிந்ததும் போய்விடும். ஏபிடி மூலம் எம்எஸ்எம்டிபி, எம்எஸ்எம்டிபி-எம்டிஏ என்ற இரண்டு பாக்கேஜ்களையும் நிறுவுங்கள். இரண்டாவது பாக்கேஜ், சென்ட்மெயில் என்ற பழைய பெயரிலும் எம்எஸ்எம்டிபியே கிடைக்கும்படி ஓர் இணைப்பை வைக்கும். நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரான் உட்பட லினக்ஸில் மெயில் அனுப்ப நினைக்கும் பெரும்பாலான நிரல்கள் அந்தப் பெயரைத்தான் கூப்பிடும்.

இனி ஹோம் அடைவில், புள்ளி வைத்துத் தொடங்கும் .எம்எஸ்எம்டிபிஆர்சி என்ற கோப்பை உருவாக்கி இப்படி எழுதுங்கள்:

டிஃபால்ட்ஸ்
ஆத் ஆன்
டிஎல்எஸ் ஆன்
லாக்ஃபைல் ~/.எம்எஸ்எம்டிபி.லாக்

அக்கவுண்ட் அலெர்ட்
ஹோஸ்ட் மெயில்.எக்சாம்பிள்.காம்
போர்ட் 465
டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆஃப்
ஃப்ரம் சர்வர்@எக்சாம்பிள்.காம்
யூசர் சர்வர்@எக்சாம்பிள்.காம்
பாஸ்வேர்ட்இவால் "கேட் ~/.எம்எஸ்எம்டிபி-சாவி"

அக்கவுண்ட் டிஃபால்ட் : அலெர்ட்

பலர் தடுக்கி விழும் வரி டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ். டிஎல்எஸ் ஆன் என்று போட்டதும் எம்எஸ்எம்டிபி தானாக 587 பாணியைத்தான் எடுத்துக்கொள்ளும். 465க்கு அதை ஆஃப் செய்யாவிட்டால், வரவேற்பு வரிக்காக இவர் காத்திருப்பார், மறையாக்கத்துக்காக அவர் காத்திருப்பார். பிழைச் செய்தி கூட இல்லாமல் இரண்டு பக்கமும் மௌனம். 587 என்றால் அந்த வரியையே நீக்கிவிடலாம்.

பாஸ்வேர்டை இந்தக் கோப்பிலேயே எழுதலாம். ஆனால் அமைப்புக் கோப்புகளை கிட் என்ற பதிப்புச் சேமிப்பில் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் சாவியைத் தனிக் கோப்பில் வைக்கிறேன். பாஸ்வேர்ட்இவால் என்ற வரி, ஏதோ ஒரு கட்டளையை ஓட்டி அது அச்சிடுவதைப் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் லேப்டாப் என்றால் அங்கே ஜிபிஜி என்ற மறையாக்க நிரலைக் கூப்பிட்டு மறையாக்கிய கோப்பைத் திறக்கச் சொல்லலாம், நல்ல முறை. நள்ளிரவில் கிரான் ஓட்டும் மெஷினில் ஜிபிஜிக்குக் கடவுச்சொல் தட்ட ஆள் இல்லை. அங்கே கோப்பு உரிமைதான் பாதுகாப்பு: இரண்டு கோப்புகளுக்கும் சிஎச்மோட் 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். பாஸ்வேர்டை அமைப்புக் கோப்பிலேயே எழுதி, அதை மற்றவர்களும் படிக்கும்படி விட்டால் எம்எஸ்எம்டிபி வேலை செய்யவே மறுக்கும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

உரிமை எல்லாம் சரியாக இருந்தும் பெர்மிஷன் டினைட் என்று வந்தால் அப்பார்மரைச் சந்தேகப்படுங்கள். எம்எஸ்எம்டிபி எந்தெந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. லாக்கையோ சாவியையோ விசித்திரமான இடத்தில் வைத்தால் தடுக்கும். கர்னல் லாக்கில் டினைட் என்று தேடினால் பிடிபடும்.

முதல் மெயில்

பிரிண்ட்எஃப் 'டூ: நான்@எக்சாம்பிள்.காம்\என்சப்ஜெக்ட்: டெஸ்ட்\என்\என்வந்ததா?\என்' | எம்எஸ்எம்டிபி --டீபக் --ரீட்-ரெசிபியண்ட்ஸ்

பின்சாய்வுக் கோட்டுக்குப் பின் வரும் என் என்பது புது வரி. சப்ஜெக்டுக்கு அப்புறம் அது இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். டூ, சப்ஜெக்ட் போன்ற தலைப்பு வரிகளுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் "வந்ததா?" என்பதும் தலைப்பில் சேர்ந்து குழப்பம் பண்ணும். ரீட்-ரெசிபியண்ட்ஸ் என்பது, யாருக்கு என்பதை மெயிலின் டூ, சிசி, பிசிசி வரிகளில் இருந்தே எடுத்துக்கொள் என்ற சொல். பிசிசி வரியை அனுப்பும் முன் அதுவே கழற்றிவிடும்.

டீபக் இருப்பதால் உரையாடல் முழுவதும் திரையில் வரும். நுழைவு சரி என்றால் 235. அனுப்புபவரைச் சொன்னதும் 250, பெறுபவரைச் சொன்னதும் 250. டேட்டா என்றதும் 354, அதாவது "சரி, கொட்டு". மெயில் முழுவதும் போய், தனி வரியில் ஒரு புள்ளி போனதும் மறுபடி 250. கடைசியாக வரும் இந்த 250தான் ரசீது. பெரும்பாலான சர்வர்கள் அந்த வரியில் ஒரு வரிசை அடையாளத்தையும் சேர்த்துத் தரும். "அனுப்பினேன் என்கிறாய், வரவில்லையே" என்று யாராவது கேட்டால், மெயில் சர்வர் நிர்வாகியிடம் அந்த அடையாளத்தை நீட்டுங்கள். பேச்சு உடனே ஒழுங்காகும்.

ஓர் எச்சரிக்கை. இந்த டீபக் வெளியீட்டை அப்படியே நகலெடுத்து யாரிடமும் காட்டாதீர்கள். ஆத் ப்ளெயின் என்ற வார்த்தைக்கு அடுத்து வரும் எழுத்துக் கொத்து உங்கள் யூசரும் பாஸ்வேர்டும்தான். பேஸ்64 என்பது மறையாக்கம் அல்ல, ஒரே கட்டளையில் திரும்பிவிடும்.

வராவிட்டால் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள், அதைச் சுற்றியுள்ள ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம். 4இல் தொடங்கினால் தற்காலிகம், அப்புறம் முயலலாம். 5இல் தொடங்கினால் அதே மெயிலை அதே மாதிரி எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். 535 என்றால் பாஸ்வேர்ட்; ஆப் பாஸ்வேர்டுக்குப் பதில் வழக்கமானதைக் கொடுத்திருப்பீர்கள். 530 என்றால் நுழையாமலோ மறையாக்கம் இல்லாமலோ பேச முயன்றிருக்கிறீர்கள். 550, 553 வந்தால் பெரும்பாலும் முகவரிப் பிரச்சினை: அந்த முகவரியே இல்லை, அல்லது உங்கள் கணக்குக்குச் சொந்தமில்லாத பெயரில் அனுப்பப் பார்க்கிறீர்கள். பெரும்பாலான சர்வர்கள் ஃப்ரம் வரியில் யார் பெயரை வேண்டுமானாலும் போட விடாது. ஜிமெயில் மறுக்கக்கூட மாட்டாது, சத்தமில்லாமல் உங்கள் கணக்கின் முகவரியைப் போட்டு மாற்றிவிடும். சான்றிதழ் சரியில்லை என்று வந்தால் முதலில் டேட் என்று தட்டிப் பாருங்கள். கடிகார பேட்டரி இல்லாத சின்ன போர்டுகள் மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறந்திருக்காது. சான்றிதழ் சோதனையை அணைத்துவிடு என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. அதைக் கேட்காதீர்கள், பாஸ்வேர்டை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதற்குச் சமம்.

தமிழில் தலைப்பு

அறிவிப்புகளைத் தமிழில் அனுப்ப ஆசைப்பட்டால் உடலில் பெரிய சிக்கல் இல்லை. மைம்-வெர்ஷன்: 1.0 என்ற வரியையும், கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/ப்ளெயின்; சார்செட்=யூடிஎஃப்-8 என்ற வரியையும், கன்டென்ட்-ட்ரான்ஸ்ஃபர்-என்கோடிங்: 8பிட் என்ற வரியையும் தலைப்பு வரிகளோடு சேர்த்தால் போதும். சப்ஜெக்ட்தான் படுத்தும். தலைப்பு வரிகளில் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே இருக்கலாம் என்பது பழைய விதி. வேறு மொழி என்றால், சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8, கேள்விக்குறி, பி, கேள்விக்குறி, பேஸ்64 உரை, கேள்விக்குறி, சமக்குறி என்று ஒரு பொட்டலமாகக் கட்ட வேண்டும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 இதைச் சொல்கிறது. ஒரு பொட்டலம் 75 எழுத்தைத் தாண்டக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பொட்டலத்தின் உறைக்கே 12 எழுத்து போய்விடும். மீதியில் அடங்கும் பேஸ்64 60 எழுத்து, அதாவது 45 பைட். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ஆக 15 குறிதான் இடம். "பேக்கப் சரி" 31 பைட், அடங்கிவிடும். "பேக்கப் முடிந்தது" 49 பைட், அடங்காது. இரண்டு பொட்டலமாகப் பிரிக்க வேண்டும், அதிலும் ஒரு குறியின் 3 பைட்டை நடுவில் வெட்டாமல். வரம்பை மீறிய பொட்டலத்தைச் சில நிரல்கள் பெருந்தன்மையாகக் காட்டிவிடும், சில நிரல்கள் குறியீட்டை அப்படியே முகத்தில் வீசும்.

சின்ன சப்ஜெக்ட் என்றால் ஸ்கிரிப்டிலேயே பேஸ்64 கட்டளையால் செய்துவிடலாம்; வரியை அது மடிக்காமல் இருக்க --ராப்=0 என்று கொடுங்கள். அதற்கு மேல் என்றால் மட் என்ற மெயில் நிரலிடம் விட்டுவிடுங்கள். பிரிப்பது, வெட்டுவது எல்லாம் அதற்குத் தெரியும். அதன் .மட்ஆர்சி கோப்பில் செட் சென்ட்மெயில்="/யூஎஸ்ஆர்/பின்/எம்எஸ்எம்டிபி" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

மட் -எஸ் "பேக்கப் முடிந்தது" -ஏ அறிக்கை.பிடிஎஃப் -- நான்@எக்சாம்பிள்.காம் < உடல்.டெக்ஸ்ட்

ஏ தெரிவுக்குப் பின் இணைப்புக் கோப்பு, அதற்குப் பின் இரட்டைக் கோடு, அதற்குப் பின்தான் முகவரி. இரட்டைக் கோட்டை விட்டால் முகவரியையும் ஓர் இணைப்புக் கோப்பாக நினைத்துத் தேடும். மெயில் என்ற பொதுக் கட்டளையை நான் இணைப்புகளுக்குத் தொடுவதே இல்லை. அந்தப் பெயரில் வேறு வேறு நிரல்கள் இருக்கின்றன: எஸ்-நெயிலில் சின்ன ஏ இணைப்பைச் சேர்க்கும், ஜிஎன்யூ மெயில்யூட்டில்ஸில் அதே சின்ன ஏ தலைப்பு வரியைச் சேர்க்கும், இணைப்புக்குப் பெரிய ஏ. ஒரு மெஷினில் ஓடிய ஸ்கிரிப்ட் இன்னொன்றில் கோப்பின் பெயரை மட்டும் அனுப்பிவிட்டு வெற்றி என்று சொல்லும்.

எதையும் நிறுவ முடியாத இடத்தில்

கன்டெய்னருக்குள் அல்லது வேறொருவர் மெஷினில் கர்ல் என்ற பதிவிறக்கக் கருவி மட்டும் இருந்தால் அதுவும் மெயில் அனுப்பும். 2010 முதல் அதற்கு எஸ்எம்டிபி தெரியும். தலைப்பு வரிகள், வெற்று வரி, உடல் என்று முழு மெயிலையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு:

கர்ல் --யூஆர்எல் எஸ்எம்டிபிஎஸ்://மெயில்.எக்சாம்பிள்.காம்:465 --நெட்ஆர்சி --மெயில்-ஃப்ரம் சர்வர்@எக்சாம்பிள்.காம் --மெயில்-ஆர்சிபிடி நான்@எக்சாம்பிள்.காம் --சிஆர்எல்எஃப் --அப்லோட்-ஃபைல் மெயில்.டெக்ஸ்ட்

587க்கு எஸ்எம்டிபி என்று எஸ் இல்லாமல் எழுதி --எஸ்எஸ்எல்-ரெக்டி சேருங்கள். வெறும் --எஸ்எஸ்எல் போதாது. மறையாக்கம் கிடைக்காவிட்டால் அது அப்படியே திறந்த வழியில் போய்விடும். நெட்ஆர்சி என்பது யூசரையும் பாஸ்வேர்டையும் .நெட்ஆர்சி கோப்பில் இருந்து எடுக்கச் சொல்வது. கட்டளையிலேயே பாஸ்வேர்டை எழுதினால் ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். கர்ல் கோப்பில் உள்ள டூ வரியைப் பார்க்காது, யாருக்கு என்பதை ஆர்சிபிடியில் நீங்கள் சொன்னபடிதான் செய்யும். கோப்பில் பிசிசி வரி இருந்தால் அதுவும் எல்லோர் கண்ணிலும் படும்படி அப்படியே போய்ச் சேரும்.

கிரானில் ஓட்டும்போது

கையால் ஓட்டினால் போகும், கிரானில் போகாது. இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கிரானுக்குள் பாத், அதாவது நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல், குறுகியது, அதனால் ஸ்கிரிப்டில் நிரல்களை முழுப் பாதையோடு எழுதுங்கள். ரூட்டின் கிரான் ரூட்டின் ஹோமில்தான் .எம்எஸ்எம்டிபிஆர்சியைத் தேடும், உங்கள் ஹோமில் அல்ல. மெஷின் முழுக்க ஒரே அமைப்பு போதும் என்றால் ஈடிசி அடைவில் எம்எஸ்எம்டிபிஆர்சி என்று வையுங்கள், அங்கே முன்னால் புள்ளி இல்லை. மொழி அமைப்பும் கிரானில் இருக்காது. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால் ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_ஆல்=சி.யூடிஎஃப்-8 என்று ஏற்றுமதி செய்யுங்கள், இதை மட்டும் பெரிய எழுத்தில்.

இன்னொன்று, கிரான் தானாக அனுப்பும் மெயில் ரூட் போன்ற மொட்டைப் பெயருக்குப் போகும். வெளி சர்வருக்கு அது யார் என்று எப்படித் தெரியும்? அமைப்பில் அலியாசஸ் /ஈடிசி/அலியாசஸ் என்று ஒரு வரி சேர்த்து, அந்தக் கோப்பில் ரூட்: என்றும் டிஃபால்ட்: என்றும் எழுதி, உங்கள் முழு முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

நெட் இல்லாத நேரத்தில்

எம்எஸ்எம்டிபியின் ஒரே பெரிய குறை, அதற்கு வரிசை கிடையாது. அந்த நொடியில் நெட் இல்லை என்றால் மெயில் போகவில்லை, அவ்வளவுதான். ஸ்கிரிப்டில் வெளியேறும் குறியீட்டைப் பாருங்கள். 0 தவிர எது வந்தாலும் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும் ஒரு சின்னச் சுழற்சியை எழுதினால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

போதாது, ஒரு மெயில் கூடத் தவறக்கூடாது என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற முழு மெயில் சர்வரை ரிலே மட்டும் செய்யும்படி போடுங்கள். நிறுவும்போது சேட்டிலைட் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, ரிலேஹோஸ்ட் = [மெயில்.எக்சாம்பிள்.காம்]:587 என்று கொடுங்கள். அந்தச் சதுர அடைப்பு அலங்காரம் அல்ல; டொமைனின் மெயில் சர்வர் எது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடாமல் நேராக இந்தப் பெயருக்கே போ என்று அர்த்தம். எஸ்எம்டிபி_சாசல்_ஆத்_எனேபிள் = யெஸ், எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = என்க்ரிப்ட் என்ற இரண்டும் வேண்டும். எஸ்எம்டிபி_சாசல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் என்பதை நோஅனானிமஸ் ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ப்ளெயின் முறையைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாஸ்வேர்ட் வரியைத் தனிக் கோப்பில் எழுதி, அதை எஸ்எம்டிபி_சாசல்_பாஸ்வேர்ட்_மேப்ஸில் காட்டி, போஸ்ட்மேப் ஓட்ட வேண்டும். டெபியனில் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் பாக்கேஜ் இல்லாவிட்டால் நோ மெக்கானிசம் அவைலபிள் என்று லாக்கில் புலம்பும். ஐநெட்_இன்டர்ஃபேஸஸ் = லூப்பேக்-ஒன்லி என்றும் போட்டுவிடுங்கள், வெளியில் இருந்து யாரும் கதவைத் தட்டத் தேவையில்லை. அதன் பிறகு நெட் இல்லாவிட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வைத்துக்கொண்டு, இயல்பாக 5 நாள் வரை விடாமல் முயலும். என்ன தேங்கியிருக்கிறது என்று பார்க்க மெயில்க்யூ.

எந்த வழியானாலும் சுழற்சிக்குள் மெயில் கட்டளையை வைக்கும்போது ஒரு கட்டுப்பாடு போடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைப் பார்க்கும் ஸ்கிரிப்ட், டிஸ்க் நிறைந்த இரவில் நிமிடத்துக்கு ஒரு மெயில் அனுப்பும். தனிப்பட்ட ஜிமெயிலின் நாள் வரம்பு 500. விடிவதற்குள் அந்தக் கணக்கில் இருந்து எதுவுமே போகாத நிலை வந்துவிடும். நான் செய்வது எளிது: மெயில் போனதும் டச் கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குகிறேன். அடுத்த முறை ஸ்கிரிப்ட் முதலில் அந்தக் கோப்பின் வயதைப் பார்க்கும். 6 மணி நேரம் ஆகவில்லை என்றால் எதுவும் அனுப்பாமல் வெளியேறிவிடும். டிஸ்க் சரியானதும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று ஒரு மெயில்.